முப்பத்து மூன்றுக்கு ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை காலையில் சுயம்புக்கனி கதவைத் திறந்தபோது வாசலில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கி நின்றது. கடல் தண்ணீர்தான். நல்ல தண்ணீரை அவள் மேல் வீணாக்க அந்தக் குடியிருப்பில் யாருக்கும் மனம் வராது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மகள் நிலானி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நின்றாள். சுயம்புக்கனி பழைய துணியால் தரையைத் துடைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினாள். படித் திருப்பத்தில் செல்லத்தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டாவ ஆபீஸரு. இன்னைக்கு எத்தன வீட்டுக்கு வெட்டு?"

"அக்கா, வழி விடுங்க. பிள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"எனக்கும் ஒரு ஆளு இருந்தாருலா. ரெண்டு கேனத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி வந்தாரு. இதே படிதான். இங்கன உக்காந்தாரு, பெறகு எந்திரிக்கல. யாராலட்டி?"

"நான் அப்ப வேலையிலயே சேரலையே. எத்தன தரம் சொல்லுதது? ஒங்க வீட்டுத் தண்ணி நின்னது மார்ச் இருபத்தாறு. நான் சேந்தது ஏப்ரல் மூணு."

செல்லத்தாய் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனா உம்பேரு மட்டும் மனப்பாடம். தேதியையும் பேரையும் சத்தமா வாசி, உம்பிள்ள கேக்கட்டும்."

சுயம்புக்கனி வாசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் கிணறுகள் உப்பாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. கடல்நீரைச் சுத்தம் செய்து வாரியம் தருவதுதான் குடிக்கிற தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு வால்வு இருக்கிறது. அது மூடும்போது அந்த வீட்டுக் கைப்பேசிக்கு ஒரு நோட்டீஸின் இணைப்பு வரும். திறந்தால் வீட்டு எண், தேதி, எத்தனை நாள் தண்ணீர் கிடையாது என்ற விவரம். அதன் கீழே ஒரு வரி. இயக்கியவர்: பொ. சுயம்புக்கனி, பி.எஸ்ஸி.

செல்லத்தாயின் காலைத் தாண்டித்தான் அவள் இறங்க வேண்டியிருந்தது. தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் தாண்டு. பெறகு கம்பிக்கு அந்தப் பக்கம்."

வியாழக்கிழமை தண்ணீர்ப் பொறுப்புத் தீர்ப்பாயத்தில் விசாரணை. செல்லத்தாயின் புருஷன் இசக்கிமுத்துவின் சாவுக்குக் காரணமான நிரலை இயக்கியவர் என்று சுயம்புக்கனி மேல் வழக்கு. ஏழு வருடம் வரை கிடைக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளுடைய கணவன் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தான். ஊர் வந்து சேர இன்னும் ஐந்து மாதம். அதுவரை நிலானியை எங்கே விடுவது என்று யோசித்தால் யோசனை பாதியிலேயே நின்றுவிடும். நியமன ஆணையை வக்கீலிடம் காட்டினாள். தீர்ப்பாயம் காகிதத்தைப் பார்க்காது, சர்வர் சொல்வதைத்தான் பார்க்கும் என்று அவர் திருப்பித் தந்துவிட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் அருமைநாயகம் எல்லாவற்றையும் சொல்லத்தான் செய்தார், பல் குத்திக்கொண்டே.

"ஒரு புரோகிராம் ஓடணும்னா யாராவது ஒருத்தர் பேருல ஓடணும்மா. முன்னாடி வெப் சர்வர்னு ஆளில்லாத ஒரு பேரு இருந்துச்சு. வெப் பக்கம் எதக் கூப்பிட்டாலும் அந்தப் பேருலயே ஓடிரும். கோர்ட்டு கேட்டுது, சாவு விழுந்தா யாரைய்யா புடிக்கது, பெட்டியையான்னு. அதுக்கப்பறம் சட்டம் வந்துச்சு. உசுரோட இருக்க ஒரு ஆளு பேரு வேணும்."

"நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். காலையில ஒம்பது மணிக்கு இந்தக் கண்ணாடியில விரல வையி. சாயந்தரம் வீட்டுக்குப் போ."

"என்ன ஓடுதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த கோயில்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு விலகிப் போகிறவர். ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அவளுக்கு மட்டும் இரண்டு.

இன்று அருமைநாயகம் அவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். இரண்டு மாதத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"உனக்கு நல்ல காலம். நாளைக்குப் பத்து மணிக்கு உன்ன விடுவிக்கோம். பேரு மாறுனா கேஸும் மாறிரும். வியாழக்கிழமை நீ அந்தப் பக்கமே போக வேண்டாம்."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "நெசமாவா சார்?"

"பின்ன, விளையாட்டுக்கா?"

"புதுசா யாரு வாராங்க?"

"உங்க பிளாக்குதான். செல்லத்தாய். புருஷன் செத்ததுக்குக் கருணை அடிப்படையில வேல கேட்டு மனு போட்டிருக்கு. நான்தான் சிபாரிசு பண்ணேன்."

"அவங்க அஞ்சாம் கிளாஸ்தான் சார்."

"விரலுக்கு என்னம்மா படிப்பு?"

மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். சுயம்புக்கனியும் சேர்ந்து சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தியது. கேஸும் மாறிரும். பெயர் மாறினால் பழைய வழக்கு எப்படி மாறும்?

சர்வர் அறையில் டெல்பின் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தாள். ஒப்பந்த நிறுவனத்துப் பெண். இருபத்து நான்கு வயது. அலுவலகத்தில் சுயம்புக்கனியை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"டெல்பின், மார்ச் இருபத்தாறாம் தேதி நான் இங்க இல்ல. எம்பேரு எப்படி வந்துச்சு?"

"ரெண்டு வருஷமா இருக்கேன்க்கா. இத வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான்." அவள் கையைத் தட்டிவிட்டுத் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். தேதி, நேரம், செல்லத்தாயின் வீட்டு எண். கடைசியில் 33.

"எங்க எம்பேரு?"

"பேரே கிடையாது. சர்வருக்குப் பேரு தெரியாது, எண்ணுதான் தெரியும். வெப் பக்கம் எத ஓட்டுனாலும் முப்பத்து மூணுன்னு எழுதி வச்சிரும். முப்பத்து மூணுன்னா யாருன்னு வேற ஒரு பட்டியல்ல ஒரே ஒரு வரி இருக்கு. யாராவது நோட்டீஸத் திறக்கும்போது அந்த வரியப் பாத்துப் பேர ஒட்டிக் காட்டும். இன்னைக்கு அந்த வரியில நீங்க. அதனால நீங்க ஸ்கூல் படிக்கும்போது ஓடுனதும் உங்க பேருலதான் நிக்கும்."

"அப்ப அன்னைக்கே அந்தம்மா திறந்து பாத்திருந்தா?"

"கோயில்பிள்ளை அண்ணாச்சின்னு வந்திருக்கும். அவங்க பாத்தது அடக்கமெல்லாம் முடிஞ்ச பெறகு. அதுக்குள்ள நீங்க சேந்துட்டீங்க."

"அந்தப் புரோகிராம் எதுக்கு அந்த வீட்ட மூடுச்சு? அவங்க அளவுக்கு மேல தண்ணி புடிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அது யாருக்குத் தெரியும்? வெப் பக்கத்துக்குத் தெரியாது. அது வீட்டு எண்ண எடுத்துட்டுப் போயி, வெளியில இருக்க அந்தப் பழைய புரோகிராமக் கூப்பிடும். கையக் கட்டிட்டு நிக்கும். அது பூஜ்யம்னு சொன்னா தண்ணி உண்டு. ஒண்ணுன்னு சொன்னா வால்வு மூடும். எழுதுன கம்பெனி இழுத்து மூடிட்டுப் போயிட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு வாசிக்க யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல. வெப்காரங்களக் கேட்டா, நாங்க கூப்பிட மட்டுந்தான் செய்யுதோம்ம்பாங்க. பொத்தான அமுக்குறவங்களக் கேட்டா, அமுக்க மட்டுந்தான் செய்யுதோம்ம்பாங்க."

"அப்ப நாளைக்கு..."

டெல்பின் மெல்லுவதை நிறுத்தினாள். "நாளைக்கு அந்த வரியில செல்லத்தாய்."

இருவரும் அந்த 33ஐப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை தீர்ப்பாயம் அந்த நோட்டீஸைத் திறக்கும். இசக்கிமுத்துவின் தண்ணீரை நிறுத்தியவர், அவர் மனைவி செல்லத்தாய்.

"சாருக்குத் தெரியுமா இது?"

"பேரு மாறுனா கேஸ் நகரும்னு தெரியும். எப்படி நகருதுன்னு கேக்க மாட்டாரு. கேட்டா தெரிஞ்சிரும்லா."

சுயம்புக்கனி வராந்தாவுக்கு வந்து கோயில்பிள்ளையைக் கைப்பேசியில் அழைத்தாள். நான்காவது முறை எடுத்தார்.

"தெரிஞ்சுதான என் தலையில கட்டுனீங்க, அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "தாயி, எனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். அவனும் எனக்கு ரெண்டு மக்ரூன்தான் குடுத்தான்." தொடர்பு அறுந்தது.

சாயங்காலம் நான்காம் மாடிக்கு ஏறினாள். செல்லத்தாய் அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து, முழங்கால் வரை வெள்ளையாகப் படிந்திருந்ததைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் துணியைத் தரையில் போட்டாள்.

"எந்த மூஞ்சியோட இங்க ஏறி வந்த?"

"அக்கா, நாளைக்கு ஆபீஸுக்கு வராதீங்க. அந்த வேல வேண்டாம்."

"ஏன், ஒஞ்சீட்டு போயிருமேன்னா?"

"போகட்டும். எனக்கு வேண்டாம். நீங்க விரல வச்சா ஒங்க பேருதான் வரும். பழைய நோட்டீஸுலயும் வரும். அண்ணனுக்குத் தண்ணிய நிறுத்துனது நீங்கன்னு எழுதி வரும்க்கா. வியாழக்கிழமை ஒங்களத்தான் கூண்டுல ஏத்துவாவ."

செல்லத்தாய் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நல்லா இருக்கு கத. உள்ள போயிருவோம்னு பயம் வந்ததும் புருஷனக் கொன்னவ நானாக்கும்? ஏட்டி, உம்பேரு அழியணும்னு இசக்கியம்மனுக்கு நேந்திருக்கேன். நாளைக்கு அழியுது. அது பொறுக்கல ஒனக்கு."

"டெல்பின்னு ஒரு பிள்ள இருக்கா. அவகிட்ட கேட்டுப் பாருங்க."

"அவளும் ஒங் கூட்டந்தான. சம்பளம் வாங்குதவ எல்லாம் ஒரே வாயி." கதவில் கையை வைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நீயே எனக்கு நாற்காலியத் தொடச்சுப் போடணும். அதப் பாக்கத்தான் வாரேன்."

கதவு சாத்தப்பட்டது. சுயம்புக்கனி படியில் நின்றாள். சொல்லியாகிவிட்டது. பின்னால் யாராவது கேட்டால், நான் சொன்னேன், அக்காதான் நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு அலுவலகம் முழுக்க அந்தக் கண்ணாடியைச் சுற்றி நின்றது. செல்லத்தாய் புதுச் சேலையில் வந்திருந்தாள். நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். சுயம்புக்கனி துடைத்துப் போட்டாள்.

"இன்னொரு தரம்," என்றாள் செல்லத்தாய்.

மறுபடியும் துடைத்தாள்.

"சண்டைய வீட்டுல போயி வச்சுக்கோங்க," என்றார் அருமைநாயகம். "இங்க பாரு. நீ விரல வச்சதும் உம்பேரு கழண்டுரும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடுத்த பேரு ஏறணும். இல்லன்னா ஆளில்லாத சர்வர்னு சொல்லி ஊர்பூரா வால்வ மூடிரும். சட்டம் அப்படி. அதனால இவ எடுத்ததும் நீங்க வச்சிரணும். புரியுதாம்மா?"

"என்னத்துக்குப் புரியாம? கைநாட்டுதான."

சுயம்புக்கனி கண்ணாடி முன்னால் நின்றாள். விரல் நகரவில்லை.

"சார், அந்தப் பழைய நோட்டீஸு இவங்க பேருக்கு..."

"வையிம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு உம்பிள்ளைய யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு மட்டும் நெனச்சுக்கோ. மத்தத நெனைக்காத."

அவள் அதை நினைத்தாள். இடுப்பில் பிள்ளையின் கனத்தை நினைத்தாள். பிறகு விரலை வைத்தாள். யோசிக்காமல் வைத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் ஐந்து என்று தோன்றி இறங்க ஆரம்பித்தது.

செல்லத்தாய் வலது கைக் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. அழுத்தி வைத்தாள். சிவப்பு.

"தொடச்சிட்டு வைங்க."

துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அருமைநாயகம் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உப்பு வாரி வாரி முப்பது வருடத்தில் விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. ரேகை என்று சொல்ல ஒரு கோடு இல்லை.

"மத்த விரல வைங்க. எல்லா விரலையும் வைங்க."

பத்து விரலுக்கும் சிவப்பு எரிந்தது. ஒருவர் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார். ஒருவர் ஊதிவிட்டு வைக்கச் சொன்னார். செல்லத்தாய் புதுச் சேலையில் எண்ணெயைத் துடைத்தபடி, "கைய ஒடைச்சிரப் போறீரு," என்று சத்தம் போட்டாள். திரையில் இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு ஒன்றரை.

"சார், ஆஸ்பத்திரி லைனும் இதுலதான் இருக்கு," என்றார் ஒரு எழுத்தர்.

அருமைநாயகத்தின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து வந்தவர். ரேகை விழாத கிழவர்களும் உப்பளத்துப் பெண்களும் வரிசையில் நின்றால் அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். தன் விரலை வைத்து வேலையை முடித்து அனுப்பிவிடுவார். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பார். ஒருவரும் பிறகு சரிசெய்ததில்லை. எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான். அவரைப் பற்றி ஊரில் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் இதைத்தான் சொல்வார்கள்.

ஐம்பது விநாடி.

"தள்ளும்மா," என்று செல்லத்தாயின் கையை ஒதுக்கினார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று சுயம்புக்கனிக்கு உடனே புரிந்தது. சொல்வதற்கு நேரமும் இருந்தது. சார் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அவர் கட்டைவிரலை வைத்தார். பச்சை எரிந்தது. திரையில் எண்கள் நின்றன. எல்லோரும் மூச்சு விட்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்.

மேசை மேல் இருந்த பேசியில் டெல்பினின் குரல் வந்தது. "சார், பேரு ஏறிருச்சு. ஞா. அருமைநாயகம்னு காட்டுது. நெசமாவே நீங்கதான் வச்சீங்களா?"

"சும்மா, ஊரு நின்னுரக் கூடாதேன்னு வச்சேன்ம்மா. அப்பறம் மாத்திக்கலாம்."

"மாத்தலாம் சார். அடுத்த ஆள் விரல் வேணும்."

அவர் சுற்றிப் பார்த்தார். ஒரு எழுத்தர் கோப்பு தேடக் குனிந்தார். ஒருவர் தேநீர் குடிக்கப் போனார். மற்ற இருவரின் கைகளும் கால்சட்டைப் பைக்குள் போயிருந்தன. ஐந்தாமவர் எண்ணெய்ப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அருமைநாயகத்தின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கேட்காமலே இருந்த கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சுயம்பு," என்றார். அப்படி அவர் கூப்பிட்டதே இல்லை. "நீ திரும்ப ஒரு தடவ வையிம்மா. நாளைக்கு ஒரு நாள்தான். நல்ல வக்கீலா நானே புடிச்சுத் தாரேன்."

"என்ன விடுவிச்சாச்சு சார். நான் இப்ப இந்த ஆபீஸ் ஆளு இல்ல."

செல்லத்தாய் இதையெல்லாம் கேட்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு கைப்பேசியைத் திறந்திருந்தாள். பிடிக்காத அந்தப் பெயர் போய்விட்டதா என்று பார்க்கத்தான். அவள் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "அ... ரு... மை..." முழுவதையும் இரண்டு முறை வாசித்தாள். தேதியையும் வாசித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"மார்ச் இருபத்தாறுன்னு போட்டு உம்ம பேரு இருக்கு."

"அது வெறும் பேரும்மா. உள்ள எண்ணுதான் இருக்கு. பேரு சும்மா மேல ஒட்டுறது."

"இதத்தான் இவளும் நேத்துச் சொன்னா." சுயம்புக்கனியை ஒரு பார்வை பார்த்தாள். அதில் மன்னிப்பு இல்லை. வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "எம்பேரு ஏறியிருந்தா, அப்ப அங்க எம்பேருதான வந்திருக்கும்?"

அருமைநாயகம் கைக்குட்டையை எடுத்துக் கட்டைவிரலைத் துடைத்தார்.

"நீருதான எனக்குச் சிபாரிசு பண்ணுனீரு?"

அவள் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்து அருமைநாயகத்துக்கு எதிரில் போட்டாள். "சொல்லும். அன்னைக்கு எங்க வீட்டுத் தண்ணிய எதுக்கு நிறுத்துனீரு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அது வெளி புரோகிராமு. நான் ஓட்டல."

சுயம்புக்கனி பையை எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னது உண்மைதான். அவர் ஓட்டவில்லை. அதைச் செல்லத்தாய்க்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். நிலானிக்குப் பள்ளி விடும் நேரம் ஆகவில்லை. இருந்து சொல்லலாம்.

அவள் கதவை நோக்கி நடந்தாள். வழியில் சுவர்த் திரை இருந்தது. புதுப் பெயர் ஏறிய ஆறு நிமிடத்தில் நிரல் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஓடியிருந்தது. ஒன்பது வீடுகளில் வால்வு மூடியிருந்தது. அறையில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது பத்தானது.